கொரியரைக் கல்யாணம் செய்தவர்களுக்கான எஃப்-6 விசா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்க வந்தவர் என் கணவர். கல்யாணம் முடிந்து ஓராண்டுக்கு மேல் சென்னையில் குடித்தனம் நடத்திவிட்டு, அப்புறம்தான் கொரியாவில் சுவோன் நகரத்துக்குக் குடிபோனோம். அன்றிலிருந்து மாதத்துக்கு ஒருவராவது "அக்கா, எஃப்-6 எப்படிப் போட்டீங்க?" என்று கேட்டு எழுதுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதிக் கை வலித்துவிட்டதால், எல்லாவற்றையும் இங்கே சேர்த்து வைக்கிறேன். பழக்கத்தில் "கணவர்" என்றே எழுதுகிறேன். உங்கள் மனைவி கொரியர் என்றால் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள், விதி ஒன்றுதான்.

எஃப்-6 என்பது என்ன விசா?

கொரியக் குடிமகனையோ குடிமகளையோ சட்டப்படி மணந்த வெளிநாட்டவர் அங்கே போய்க் குடியிருப்பதற்கான விசா. 2011 கடைசிவரை இது எஃப்-2 என்ற குடியிருப்பு விசாவுக்குள் ஒரு பிரிவாக இருந்தது, பிறகு தனி எண் கொடுத்துப் பிரித்தார்கள். இதிலேயே மூன்று வகை உண்டு. வாழும் துணைவருக்கு எஃப்-6-1. மணவாழ்க்கை முறிந்தபின் அந்தக் கல்யாணத்தில் பிறந்த குழந்தையை வளர்ப்பவருக்கு எஃப்-6-2. தன் தவறு இல்லாமல் மணவாழ்க்கை முறிந்தவருக்கு எஃப்-6-3. நீங்கள் இப்போது கேட்பது முதல் வகை.

ஒன்றை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் இருப்பது உங்கள் பெயர், ஆனால் பரீட்சை எழுதுவது உங்கள் கணவர். அவர் சம்பளம், அவர் வீடு, அவர் கடன், அவர் மேல் வழக்கு உண்டா, இதற்கு முன் வேறு துணைவர் யாரையாவது கொரியாவுக்கு அழைத்தாரா என்பதைத்தான் அதிகம் தோண்டுவார்கள். "நீ பேப்பரை ரெடி பண்ணு, நான் கையெழுத்துப் போடறேன்" என்று அவர் ஒதுங்கிக்கொண்டால் வேலை நடக்காது.

கோயிலில் தாலி கட்டியாச்சு, மண்டபத்தில் ஆயிரம் போட்டோ எடுத்தாச்சு. அது போதாதா?

போதாது. பதிவு வேண்டும், அதுவும் இரண்டு நாட்டிலும்.

இந்து திருமணச் சட்டம் இருவரும் இந்துவாக இருந்தால்தான் பொருந்தும் (பௌத்தர், சமணர், சீக்கியரும் அதில் அடக்கம்). அதனால் கொரியரை மணப்பவர்கள் பெரும்பாலும் 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் பதிவதே வழக்கம். நோட்டீஸ் கொடுப்பதற்கு முன் உங்களில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் தங்கியிருக்க வேண்டும். கொடுத்தபின் அதைச் சார்பதிவாளர் அலுவலகப் பலகையில் ஒட்டுவார்கள், 30 நாள் காத்திருக்க வேண்டும். ஆட்சேபம் வராவிட்டால் மூன்று சாட்சிகளோடு போய்க் கையெழுத்துப் போடலாம். நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதம் தாண்டினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எங்களுக்கு அந்தப் பலகைதான் பெரிய தலைவலி. என் ஒன்றுவிட்ட சித்தப்பா வேறு ஏதோ பத்திரம் பதிய வந்த இடத்தில் அதைப் பார்த்துவிட்டு, வீட்டில் சொல்வதற்கு முன்பே ஊருக்கே சொல்லிவிட்டார்.

கணவர் மணமாகாதவர் என்பதற்கு அவருடைய கொரியத் திருமண உறவுச் சான்றிதழைக் கேட்பார்கள். அதில் முந்தைய திருமணம் எதுவும் இல்லை என்பது தெரியும்.

கொரியாவில் எப்போது பதிய வேண்டும்?

வெளிநாட்டில் நடந்த கல்யாணத்தை மூன்று மாதத்துக்குள் கொரியக் குடும்பப் பதிவேட்டில் தெரிவிக்க வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். சென்னைத் துணைத் தூதரகத்திலும் கொடுக்கலாம், கணவர் ஊருக்குப் போய் மாவட்ட அலுவலகத்திலும் கொடுக்கலாம். பதிந்தபின் அவருடைய திருமண உறவுச் சான்றிதழில் உங்கள் பெயர் ஹங்குல் என்னும் கொரிய எழுத்தில் ஏறும். விசாவுக்கு அந்தக் காகிதம்தான் அஸ்திவாரம்.

எவ்வளவு சம்பளம் இருக்க வேண்டும்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது, அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான்.

2014 ஏப்ரலில் விதியை இறுக்கியபோது வருமான வரம்பு வந்தது. குடும்பத்தில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்து ஆண்டுதோறும் நீதி அமைச்சகம் தொகையை அறிவிக்கும். 2025-க்கு இரண்டு பேர் என்றால் 2,35,95,948 வோன், மூன்று பேர் என்றால் 3,01,52,118 வோன், நான்கு பேர் என்றால் 3,65,86,638 வோன். விண்ணப்பிக்கும் தேதிக்கு முந்தைய ஓராண்டில், வரி பிடிப்பதற்கு முன் வந்த வருமானம் இது. நீங்கள் போடும் ஆண்டின் தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒவ்வோர் ஆண்டும் ஏறுகிறது.

"எத்தனை பேர்" என்பதில்தான் சிக்கல். கணவர் தன் அப்பா அம்மாவோடு ஒரே குடியிருப்புப் பதிவில் இருந்தால் அவர்களும் கணக்கில் வருவார்கள். நீங்கள், அவர், மாமனார், மாமியார் என்று நான்கு பேருக்கான வரம்பு ஆகிவிடும். ஆனால் மாமனாருக்குச் சம்பளமோ பென்ஷனோ இருந்தால் அதையும் சேர்த்துக் காட்டலாம். அதனால் சிலருக்குச் சேர்ந்திருப்பது லாபம், சிலருக்கு நஷ்டம். உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான்.

சம்பளம் குறைந்தால் சொத்தைக் காட்டலாம். ஆறு மாதத்துக்கு மேல் கையில் இருக்கும் சேமிப்பு, வீடு, பங்கு ஆகியவற்றில் கடனைக் கழித்துவிட்டு, மிச்சத்தில் 5 சதவீதத்தை வருமானமாக எடுத்துக்கொள்வார்கள். கணவரின் வருமானம் 2 கோடி வோன் என்று வையுங்கள். 2025 வரம்புக்கு 35,95,948 வோன் குறைகிறது. அதை ஈடுகட்ட 20 மடங்கு, அதாவது சுமார் 7 கோடியே 20 லட்சம் வோன் சொத்து வேண்டும். விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் நண்பரிடம் கைமாற்று வாங்கி பாங்கில் போட்டுக் காட்டும் நம்ம ஊர் வித்தை செல்லாது. ஆறு மாதம் என்று சொல்வதே அதற்காகத்தான்.

விலக்கும் உண்டு. உங்கள் இருவருக்கும் பிறந்த குழந்தை இருந்தால் வருமான வரம்பு பார்ப்பதில்லை. ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் சேர்ந்து வாழ்ந்து, அதனால் கடந்த ஓராண்டில் கொரியாவில் வருமானமே இல்லாத தம்பதிக்கும் விலக்கு உண்டு. சென்னையில் வேலை பார்த்து இங்கேயே சம்பளம் வாங்கும் கொரியர்களின் துணைவர்கள் இதை முதலில் பாருங்கள். நாங்கள் இப்படித்தான் போட்டோம். வாடகை ஒப்பந்தம், இருவர் பெயரும் உள்ள காஸ் பில் என்று சேர்ந்து வாழ்ந்ததற்கான ஆதாரத்தை அள்ளிக் கொடுத்தோம்.

கொரிய மொழி தெரிந்திருக்க வேண்டுமா?

அடிப்படை தெரிய வேண்டும். டோபிக் தேர்வில் முதல் நிலை, அல்லது கொரிய அரசு ஏற்கும் நிறுவனத்தில் தொடக்க நிலை வகுப்பு முடித்த சான்று போதும். டோபிக் சென்னையிலேயே நடக்கிறது, இன்கோ சென்டர் என்ற இந்திய-கொரியப் பண்பாட்டு மையத்தில் மொழி வகுப்பும் இருக்கிறது. முதல் நிலை என்பது கடையில் விலை கேட்பது, குடும்பத்தைப் பற்றி நாலு வரி சொல்வது என்ற அளவுதான். மூன்று நான்கு மாதம் ஒழுங்காகப் படித்தால் வந்துவிடும். நமக்கு வாக்கிய அமைப்பும் சுலபம், வினை கடைசியில்தான் வரும். அப்பா அங்கேயும் அப்பா.

நீங்கள் கொரியாவில் ஓராண்டுக்கு மேல் இருந்தவர் என்றாலோ குழந்தை இருந்தாலோ சான்று கேட்க மாட்டார்கள். இருவரும் வேறொரு மொழியில் நன்றாகப் பேசிக்கொள்வீர்கள் என்றால் அதையும் ஏற்பார்கள், ஆனால் சும்மா சொன்னால் போதாது. உதாரணமாக, உங்கள் மொழி ஆட்சிமொழியாக உள்ள நாட்டில் கணவர் ஓராண்டுக்கு மேல் இருந்ததைக் காட்ட வேண்டும். விலக்குக் கிடைத்தாலும் படித்துவிட்டே போங்கள். மாமியாருடன் சமையற்கட்டில் நிற்கும்போது விலக்குக் கடிதம் உதவாது.

வீடு சொந்தமாக இருக்க வேண்டுமா?

வேண்டாம். மொத்தமாக டெபாசிட் கட்டும் ஜன்சே வீடோ, மாத வாடகை வொல்சே வீடோ எதுவாகவும் இருக்கலாம். ஆனால் கணவர் பெயரிலோ அவர் பெற்றோர் போன்ற நேரடிக் குடும்பத்தார் பெயரிலோ இருக்க வேண்டும். கோசிவொன் என்னும் புறாக்கூண்டு அறை, மோட்டல் இவையெல்லாம் குடும்பம் நடத்தும் இடமாக ஏற்கப்படாது.

எனக்கு இனிஷியல்தான் இருக்கிறது, குடும்பப் பெயர் கிடையாது. பிரச்சினை வருமா?

வரும். தமிழர்களுக்கென்றே பிரத்தியேகமாக வரும்.

என் கதையையே சொல்கிறேன். பிறப்புச் சான்றிதழில் வெறும் பெயர் மட்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்கு முன் அப்பாவின் இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப் பெயர் குடும்பப் பெயர் கட்டத்தில் ஏறியிருந்தது. திருமணச் சான்றிதழில் எழுதியவர் இனிஷியலைப் பெயருக்குப் பின்னால் போட்டு, ஓர் எழுத்தையும் விட்டுவிட்டார். நமக்கு நாலும் ஒரே ஆள்தான் என்று பார்த்தவுடன் தெரியும். கொரியர்களுக்கு முதலில் பெரும்பாலும் ஒற்றை அசையில் குடும்பப் பெயர், அடுத்துத் தன் பெயர், எந்தக் காகிதத்திலும் அதே வரிசைதான். அவர்கள் கண்ணுக்கு இது நாலு பெண்கள். கவுன்ட்டரில் இருந்தவர் நாலு தாளையும் வரிசையாக அடுக்கிவைத்து, பேனாவால் ஒவ்வொரு பெயராகத் தட்டிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

திருமணச் சான்றிதழைத் திருத்தி, மறுபடி அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான அரசு முத்திரை) வாங்கி வர ஏழு வாரம் ஆனது. அதனால் திருமணப் பதிவு விண்ணப்பத்தை எழுதும்போதே பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் உள்ள வரிசையில், அதே எழுத்துகளில் எழுதச் சொல்லுங்கள். பழைய சான்றிதழ்களில் இருக்கும் வித்தியாசத்துக்கு "இந்தப் பெயர்களெல்லாம் ஒருவரையே குறிக்கும்" என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதி இணைக்கலாம்.

இன்னொன்று: கல்யாணத்துக்குப் பிறகு பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைப் பின்னால் சேர்க்க ஓடாதீர்கள். கொரியப் பெண்கள் கல்யாணத்துக்குப் பின்னும் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்திருப்பார்கள். அங்கே யாரும் அதை எதிர்பார்ப்பதில்லை. புதிதாக ஐந்தாவது பெண்ணை உருவாக்காமல் இருந்தால் சரி.

என்னென்ன காகிதம் தயார் செய்ய வேண்டும்?

கணவர் பக்கம்: அழைப்புக் கடிதம், உத்தரவாதக் கடிதம், அடிப்படைச் சான்று (பிறப்பு, குடியுரிமை விவரம் இருப்பது), குடும்ப உறவுச் சான்று, திருமண உறவுச் சான்று, குடியிருப்புப் பதிவு நகல், வருமான வரிச் சான்று (கொரிய வரித்துறையின் ஹோம்டாக்ஸ் தளத்திலேயே எடுக்கலாம்), வேலைச் சான்று, கடன் விவர அறிக்கை, வீட்டுப் பத்திரம் அல்லது வாடகை ஒப்பந்தம்.

உங்கள் பக்கம்: பாஸ்போர்ட், இந்தியத் திருமணச் சான்றிதழ், மொழிச் சான்று, காசநோய் இல்லை என்ற மருத்துவச் சான்று. நீண்டகால விசாவுக்குக் காசநோய்ச் சான்று கேட்கும் நாடுகளின் பட்டியலில் 2016 முதலே இந்தியாவும் இலங்கையும் இருக்கின்றன. தெருமுனை லேபில் எடுத்த எக்ஸ்ரே செல்லாது, தூதரகம் குறிப்பிடும் மருத்துவமனையில்தான் எடுக்க வேண்டும். போலீஸ் கிளியரன்ஸ் கேட்கப்படலாம். நாளாகும் என்பதால் முன்பே எடுத்து வைத்துவிட்டேன்.

இந்தியச் சான்றிதழுக்கு அப்போஸ்டில் முத்திரை வேண்டும். முதலில் மாநில அரசின் சான்றொப்பம், அதன்பின் வெளியுறவு அமைச்சகம். இலங்கைத் தமிழர்கள் வெளிநாட்டு அமைச்சின் கன்சியூலர் பிரிவில் சான்றொப்பம் பெற வேண்டும். தமிழில் இருக்கும் எதையும் மொழிபெயர்த்து இணையுங்கள். கொரியச் சான்றிதழ்கள் மூன்று மாதத்துக்குள் எடுத்ததாக இருக்கட்டும், அவற்றைக் கடைசியில் எடுங்கள்.

பின்னணி வாக்குமூலம் என்று ஒரு படிவம் இருக்கிறதே, அதில் காதல் கதை எழுத வேண்டுமா?

கதை எழுத வேண்டாம், நடந்ததை எழுதுங்கள். எப்போது, எங்கே, யார் மூலம் சந்தித்தீர்கள், எத்தனை முறை நேரில் பார்த்தீர்கள், எந்த மொழியில் பேசிக்கொள்கிறீர்கள், இரு வீட்டாருக்கும் தெரியுமா, முன்பு விவாகரத்து உண்டா என்று கட்டம் கட்டமாகக் கேட்கும். தேதிகள் பாஸ்போர்ட் முத்திரையோடு ஒத்துப்போக வேண்டும். 2022 மார்ச்சில் புசானில் சந்தித்தோம் என்று எழுதிவிட்டு, பாஸ்போர்ட்டில் மே மாத முத்திரை இருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். போட்டோ ஐந்தாறு போதும், ஆனால் ஒரே நாளில் எடுத்ததாக இருக்கக் கூடாது. ரிசப்ஷன் ஆல்பத்தைவிட, இரண்டு வருட இடைவெளியில் எடுத்த சாதாரணப் படங்கள் அதிகம் பேசும்.

நேர்காணல் சிலருக்கு உண்டு, சிலருக்கு இல்லை. எனக்கு இருந்தது. "மாமியார் பெயர் என்ன?" என்றார்கள். நான் விழித்தேன். மூன்று வருடமாக "ஓமொனிம்" என்றே கூப்பிட்டுப் பழக்கம், அம்மாவுக்கு மரியாதைச் சொல் அது. நம்ம ஊரில் மாமியாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம், அவர்களும் அப்படியே. அதைச் சொன்னதும் எதிரில் இருந்தவர் சிரித்துவிட்டார். எல்லோரிடமும் சிரிக்க மாட்டார்கள், குடும்ப உறவுச் சான்றை ஒருமுறை படித்துவிட்டே போங்கள்.

ஏன் இத்தனை சந்தேகம்?

காரணம் இருக்கிறது. 2000-களில் கொரியக் கிராமங்களில் பெண் கிடைக்காத ஆண்களுக்குத் தரகர்கள் மூலம் தென்கிழக்காசியாவிலிருந்து அவசர அவசரமாகப் பெண் எடுத்தார்கள். ஒரு வாரப் பயணத்தில் பெண் பார்த்துக் கல்யாணமும் முடிந்துவிடும். 2010 ஜூலையில் புசானில், வந்து எட்டே நாளான இளம் வியட்நாமியப் பெண்ணை மனநோய்ச் சிகிச்சையில் இருந்த கணவன் கொன்றான். நாடே அதிர்ந்தது. 2011-இல் மணமகன்களுக்குக் கட்டாய வழிகாட்டு வகுப்பு வந்ததும், 2014-இல் வருமானம், மொழி விதிகள் வந்ததும் இதன் தொடர்ச்சிதான். ஒருவரை அழைத்தவர் ஐந்து ஆண்டுக்குள் இன்னொருவரை அழைக்க முடியாது. கல்யாணம் மூலமே குடியுரிமை பெற்றவர் மூன்று ஆண்டுக்கு வேறு துணைவரை அழைக்க முடியாது. 2020 முதல் குடும்ப வன்முறைக் குற்றப் பின்னணி உள்ளவர்களுக்கும் தடை இருக்கிறது. இது எரிச்சலாக இருந்தாலும், பாதிக்கு மேல் உங்களைக் காப்பாற்றத்தான்.

அந்த வழிகாட்டு வகுப்பு சீனா, வியட்நாம், பிலிப்பைன்ஸ், கம்போடியா, மங்கோலியா, உஸ்பெகிஸ்தான், தாய்லாந்து ஆகிய ஏழு நாட்டவரை மணப்பவர்களுக்கு. இந்தியாவும் இலங்கையும் பட்டியலில் இல்லை.

நான் ஏற்கெனவே கொரியாவில் படிக்கிறேன். ஊருக்குப் போய்த்தான் போட வேண்டுமா?

மாணவர் விசா, வேலை விசா போன்ற நீண்டகால விசாவில் இருந்தால் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம். டேஜோனில் ஆராய்ச்சி செய்யும் நம் பையன்கள் பலருக்கு இதுதான் வழி. சுற்றுலா விசாவில் வந்து மாற்றலாம் என்ற நினைப்பு மட்டும் வேண்டாம். கர்ப்பம், குழந்தை போன்ற காரணம் இல்லாமல் பொதுவாக நடக்காது.

மறுத்துவிட்டால்?

ஆறு மாதம் கழித்துத்தான் மறுபடி போடலாம். இடையில் குழந்தை உண்டானாலோ பிறந்தாலோ காத்திருக்க வேண்டியதில்லை. அதே காகிதங்களை மறுபடி கொடுத்தால் அதே பதில்தான் வரும் என்பதால், ஏன் மறுத்தார்கள் என்பதைக் கணவர் மூலம் கேட்டுத் தெரிந்துகொண்டு அந்த இடத்தைச் சரிசெய்யுங்கள்.

ஏஜென்ட் வைக்கலாமா?

கொரியாவில் ஹேங்ஜங்சா என்று உரிமம் பெற்ற ஆவண உதவியாளர்கள் இருக்கிறார்கள். வருமானக் கணக்கு சிக்கலாக இருந்தால் பிரயோஜனம். "உள்ளே ஆள் இருக்கு, கண்டிப்பா வாங்கித் தர்றேன்" என்பவரிடம் மட்டும் மாட்டாதீர்கள்.

விசா கிடைத்து வந்து இறங்கியாச்சு. அடுத்து?

90 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்தில் வெளிநாட்டவராகப் பதிந்து அட்டை வாங்க வேண்டும். குடிவரவுத் துறையின் ஹைக்கொரியா தளத்தில் முன்பதிவு செய்யாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சுவோன் மாதிரி ஊர்களில் தேதி கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகும், இறங்கிய அன்றே பதியுங்கள். புதிதாக வந்தவர்களுக்கான அறிமுக வகுப்பு உண்டு, சில மணி நேரம்தான். அதை முடித்தால் முதலிலேயே இரண்டு ஆண்டு தருவார்கள், இல்லாவிட்டால் ஓராண்டு. தமிழில் கிடையாது, ஆங்கிலத்தில் உட்கார்ந்தேன். வீடு மாறினால் 15 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்.

வேலைக்குத் தனி அனுமதி தேவையில்லை, எந்த வேலைக்கும் போகலாம். மருத்துவக் காப்பீட்டுக்கு மற்ற வெளிநாட்டவர் போல ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம். 2018 முதல் குடும்பத்தின் குடியிருப்புப் பதிவு நகலிலும் நம் பெயர் வருகிறது. அதற்கு முன் வந்தவர்கள், குழந்தையின் பள்ளிக்கு நகல் கொடுக்கும்போது அம்மா என்று ஒருத்தி இருப்பதே அதில் தெரியாது என்று சொல்லி வருத்தப்படுவார்கள்.

வாழ்க்கை சரிப்படவில்லை என்றால் அன்றே நாட்டை விட்டுப் போக வேண்டுமா?

இல்லை. இதை மிரட்டலாகப் பயன்படுத்தும் கணவர்கள் உண்டு, நம்பாதீர்கள். குழந்தையை வளர்ப்பவருக்கும், முக்கியமாக மறுபக்கத் தவறால் பிரிந்தவருக்கும், துணைவர் இறந்துபோனவருக்கும் எஃப்-6 தொடரும். கணவன் மீது நூறு சதவீதத் தவறு இருக்க வேண்டியதில்லை, முதன்மையான பொறுப்பு அவனுடையதாக இருந்தால் போதும் என்று கொரிய உச்ச நீதிமன்றம் 2019-இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அடி விழுந்தால் மருத்துவச் சீட்டு, போலீஸ் புகார், செய்திகளின் படம் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். பாஸ்போர்ட் உங்கள் கையிலேயே இருக்கட்டும். கல்யாணமாகி வந்த வெளிநாட்டவர் குடும்பங்களுக்கான டனுரி உதவி எண் 1577-1366, நாள் முழுக்க எடுப்பார்கள், ஆங்கிலத்தில் பேசலாம். விசா சந்தேகங்களுக்கு 1345.

கொரியக் குடியுரிமை வாங்கலாமா?

கல்யாணமாகி, அங்கே தொடர்ந்து இரண்டு ஆண்டு வாழ்ந்தால் விண்ணப்பிக்கலாம். கல்யாணமாகி மூன்று ஆண்டும் அங்கே ஓராண்டும் முடிந்திருந்தாலும் சரி. கல்யாணம் மூலம் குடியுரிமை பெறுபவர், கொரியாவில் பழைய குடியுரிமையைப் பயன்படுத்த மாட்டேன் என்று உறுதிமொழி எழுதிக்கொடுத்தால் இரண்டையும் வைத்துக்கொள்ள 2011 முதல் கொரியா அனுமதிக்கிறது. இந்தியா அனுமதிக்காது. வேறு நாட்டுக் குடியுரிமையை நாமே விரும்பிப் பெற்ற கணமே இந்தியக் குடியுரிமை போய்விடும், பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு ஓ.சி.ஐ. அட்டைதான் வாங்க வேண்டும். நான் வாங்கவில்லை. இரண்டு ஆண்டு முடிந்து நிரந்தரக் குடியிருப்பான எஃப்-5-க்குப் போட்டேன், ஓட்டுப் போட மட்டும் ஊருக்குப் போகிறேன்.

பிரசவத்துக்கு அம்மாவை வரவழைக்க முடியுமா?

முடியும். பிரசவத்துக்கும் குழந்தை வளர்ப்பில் உதவிக்கும் பெற்றோரை அழைக்க எஃப்-1-5 என்ற விசா இருக்கிறது. அதில் வந்து வேலைக்குப் போகக் கூடாது. கேட்கும் முதல் காகிதம், அவர் உங்கள் அம்மாதான் என்பதற்கு உங்கள் பிறப்புச் சான்றிதழ். அதில் அம்மா பெயர் எப்படி இருக்கிறது, அம்மாவின் பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். என் அம்மா சான்றிதழில் சரோஜா, பாஸ்போர்ட்டில் சரோஜினி. மறுபடி நோட்டரியிடம் போனோம்.